தரைப்பனி ஓடிய சனிக்கிழமை

பட்டக்காரர்களைக் கண்டாலே ஹால்வருக்கு ஆகாது. பிப்ரவரி பிறந்துவிட்டால் எங்கள் மலைமேலிருக்கும் ஹாகஸ்டோல் ரயில் நிலையத்தில் அவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்குவார்கள். காலில் சறுக்குக் கட்டை, இடுப்பில் அகலமான வார், தலைக்கு மேலே வீட்டுக் கூரை அகலத்தில் ஒரு பட்டம். உறைந்துகிடக்கும் ஏரியின் மேல் காற்று அவர்களை இழுத்துக்கொண்டு ஓடும். பனி தள்ளும் லாரியில் உட்கார்ந்தபடி ஹால்வர் அதைப் பார்ப்பார். "வேலையத்தவனுங்க" என்பார். கியரை மாற்றுவார்.

அவரும் நானும் ஒரே மலைச்சாலையில் வேலை பார்த்தோம். புயல் வந்தால் சாலையின் குறுக்கே கம்பத்தை இறக்கிவிடுவோம். கொஞ்சம் தணிந்ததும் கார்களை வரிசையாக நிறுத்தி, முன்னால் பனி தள்ளிக்கொண்டே மலையைக் கடத்திவிடுவோம். அந்த வரிசைக்கு ஹால்வர் தலைமை தாங்கினால், பின்னால் வருகிறவர்கள் காரில் தூங்கிக்கூடப் போகலாம் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. பெரிய உருவம், சின்னக் குரல். யாரையும் அதட்டமாட்டார், பட்டக்காரர்களைத் தவிர.

அவர்கள் மேல் அவருக்கு இருந்த கோபத்துக்குக் காரணமும் இருந்தது. ஒரு குளிர்காலத்தில், சாலையோரக் கம்பங்களில் பட்டத்தின் கயிறுகள் சுற்றிக்கொண்டு தொங்க, அதன் முனையில் ஒருவன் முகம் கிழிந்து கிடந்தான். ஹால்வர்தான் லாரியை நிறுத்தி இறங்கிக் கயிற்றை அறுத்தார். ஆள் பிழைத்துக்கொண்டான். ஆனால் அறுத்த கயிற்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டதாக அவருடைய மனைவி பிர்கித் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவருடைய ஒரே மகள் அஸ்த்ரி பட்டம் கற்றுக்கொண்டது அதற்கு அடுத்த வருடம். பள்ளி முடித்த கையோடு, இதே ஏரியில். வீட்டில் அன்று நடந்த சண்டையை பிர்கித் பல தடவை சொல்லியிருக்கிறார். ஹால்வர் கத்தவில்லையாம். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "உன்னை நான் சாலையிலேர்ந்து பொறுக்கி எடுக்கணுமா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அஸ்த்ரி எழுந்து போய்விட்டாள்.

பிறகு அவள் எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் படித்து வடக்கே ட்ரோம்ஸோ நகரத்துக்குப் போனாள். ஈஸ்டர் விடுமுறைக்கு மட்டும் தவறாமல் வருவாள். வந்ததும் முதல் வேலையாக அப்பாவைக் கூப்பிடுவாள்.

"அப்பா, இந்தத் தடவையாவது வா. சின்னப் பட்டம்தான். நான் பக்கத்துலயே நிப்பேன்."

"எனக்கு உயிர் மேல ஆசை இருக்கு."

"லாரியிலேயே உக்காந்து உக்காந்து உனக்கு வேர் விட்டுருச்சு."

"விடட்டும். வேர் விட்டது பறக்காது, நல்லது."

இது வேடிக்கைப் பேச்சாகத்தான் தொடங்கியது. வருடங்கள் ஓட ஓட அவள் கேட்கும்போது குரலில் ஆசை குறைந்தது. ஒரு ஈஸ்டருக்கு வந்தாள், ஆரஞ்சு உரித்துத் தின்றாள், ஏரிக்குத் தனியாகக் கிளம்பினாள். கேட்கவில்லை. ஹால்வர் அதைக் கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

போன வருடத்துக்கு முந்தின டிசம்பரில்தான் கிரீன்லாந்து விஷயம் அவருக்குத் தெரிந்தது. அதுவும் தற்செயலாக. பிர்கித் போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். "கூடாரம் நாலு பேருக்கும் ஒண்ணுதானா?" என்று அவர் கேட்டது, பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த ஹால்வர் காதில் விழுந்தது. போனை வைத்த பிறகு கேட்டார். பிர்கித்துக்குப் பொய் சொல்ல வராது.

அஸ்த்ரியும் அவளுடைய மூன்று தோழிகளும் மே மாதம் கிரீன்லாந்தை மூடியிருக்கும் பனிப்பாளத்தைத் தெற்கிலிருந்து வடக்கு வரை பட்டத்திலேயே கடக்கப் போகிறார்கள். மூன்று வருடமாக அதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள்.

"மூணு வருஷமா உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவதான் சொல்ல வேண்டாம்னா."

"ஏன்?"

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லிருப்ப? யோசிச்சுப் பாரு."

ஹால்வர் யோசித்தார். என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு, இன்னொன்று காலில் இருக்க, வாசல் நடையிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

ஜனவரியில் அவர் இல்வாவைத் தேடிப் போனார். முப்பது வயதுக்காரி, ஏரிக்கரையில் புதிதாக வருகிறவர்களுக்குப் பட்டம் சொல்லிக்கொடுப்பவள். அவள் ஹால்வரை முன்பே அறிவாள். அவளுடைய மாணவன் ஒருவன் சாலைக்கு மிக அருகில் பட்டம் விரித்ததற்காக அவர் லாரியை நிறுத்தி அவளைத் திட்டியிருக்கிறார்.

"மறுபடியும் திட்ட வந்தீங்களா, ஹால்வர்?"

"இல்லம்மா. கத்துக்க வந்தேன்."

இல்வா அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாளாம், வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று. "யாருக்கு?"

"எனக்குத்தான். ஆனா ஒரு விஷயம். ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாது. ஈஸ்டருக்கு மக வருவா. அவளுக்குக் காட்டணும்."

என்னிடம் மட்டும் சொன்னார். பயிற்சி நாட்களில் அவருடைய வேலை நேரத்தை நான்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் நாள் சறுக்குக் கட்டையே மாட்டவில்லை. இல்வா அவரை ஏரி நடுவே நிறுத்தி, காற்று எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வேகம், எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கெல்லாம் அவருக்குப் பதில் தெரியும். வேகத்தைக் கையிலிருந்த கருவியைப் பார்க்காமலேயே சொன்னார். காற்று போகிற திசையில் நல்ல தூரம் வெறும் பனி இருக்க வேண்டும், பாறையோ வேலியோ மின்கம்பியோ சாலையோ கூடாது, ஆள் நிற்கக் கூடாது என்று அவள் சொல்ல வந்ததை அவரே சொன்னார்.

"பரவாயில்லையே" என்றாள் இல்வா. "பாதிப் பேருக்கு இதைச் சொல்லி முடிக்கவே ஒரு நாள் ஆகும்."

அதன் பிறகு குழந்தைகள் விடுவது மாதிரி ஒரு சின்னப் பட்டத்தைக் கையில் கொடுத்தாள். அங்கேதான் சிக்கல். பட்டத்தின் கயிறுகள் ஒரு கோலில் வந்து சேரும். அந்தக் கோலைத் தன் பக்கம் இழுத்தால் பட்டம் வேகம் பிடிக்கும். விட்டுவிட்டால் அது தானாக விலகிப் போய் வேகம் தணிந்துவிடும். காற்று ஓங்கி அடித்தால் கோலை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஹால்வரோ ஆடிப்போகும்போதெல்லாம் கோலை இறுக்கிப் பிடித்து நெஞ்சோடு இழுத்தார். முப்பது வருடமாக வழுக்கும் சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்த கைகள் அவை. விடு என்றால் அவற்றுக்குப் புரியவில்லை.

"விடுங்க! விடுங்க! ஐயோ, அது மாட்டுக் கயிறு இல்ல, விடுங்க!"

"விட்டா ஓடிருமே?"

"ஓடாது! உங்களோட கட்டியிருக்கு. விட்டா அது சும்மா ஆயிரும். பிடிச்சாதான் உங்களைத் தூக்கிட்டுப் போகும்!"

மூன்று நாள் இதே பாட்டு. அவர் பனியில் முகம் குப்புற விழுந்து எழுந்த கதையை லாரி நிறுத்தத்தில் என்னிடம் சொல்லும்போது அவரே சிரிப்பார். மீசையெல்லாம் பனியாம். ரயில் ஜன்னலிலிருந்து யாரோ கையசைத்தார்களாம்.

கோலை விட்டும் பட்டம் அடங்கவில்லையென்றால் அடுத்தது சிவப்புப் பிடி. கோலுக்கு அருகே இருக்கும். அதைத் தள்ளினால் பட்டத்தின் பலம் முழுக்கக் கழன்று, ஒற்றைக் கயிற்றில் துணி மாதிரி தொங்கும். தடித்த கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு, படுத்துக்கொண்டு, பக்கவாட்டில் சாய்ந்துகொண்டு அதைத் தள்ளிப் பழகவைத்தாள். அதில் ஹால்வர் தவறவில்லை. இல்வா எதிர்பாராத நேரத்தில் கத்துவாள், அவர் கை நேராகச் சிவப்புக்குப் போகும்.

"எப்படி?" என்று பெருமையாகக் கேட்டார்.

"சும்மா நிக்கும்போது எல்லாரும் கெட்டிக்காரங்கதான்" என்றாள் இல்வா. "நிஜமா இழுக்கும்போது கை எங்க போகுதுன்னுதான் பார்க்கணும்."

பிப்ரவரி கடைசியில் சறுக்குக் கட்டையோடு முதல்முறை ஓடினார். மெல்லிய காற்று, தட்டையான பனி. ஏரியின் இந்தக் கரையிலிருந்து நடுத்தீவு வரை. திரும்பியதும் லாரி நிறுத்தத்துக்கு என்னைத் தேடி வந்தார். "சத்தமே இல்லப்பா" என்றார். "சத்தமே இல்ல. இத்தனை வருஷம் இந்த மலையில எஞ்சின் சத்தத்தோடயே போயிருக்கேன். இது இப்படியொரு இடம்னு எனக்குத் தெரியவே தெரியாது." பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிட்டு, "அஸ்த்ரிக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

அன்றைக்கே மகளுக்குப் போன் செய்திருக்கலாம். பிர்கித் அதைத்தான் சொன்னார்.

"கூப்பிட்டுச் சொல்லேன். அவ எவ்வளவு சந்தோஷப்படுவா!"

"நேர்ல பார்க்கட்டும். அவ முகத்தைப் பார்க்கணும் எனக்கு."

"நீ என்ன, பிறந்தநாள் பரிசா?"

"ஆமா. அப்படித்தான் வச்சுக்கயேன்."

அவர் இன்றைக்கும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தான் முதலில் சொல்லி வருந்துகிறார். போனில் சொல்லியிருந்தால் அவள் கரையில் நின்று வேடிக்கை பார்த்திருக்க மாட்டாள். அவர் பக்கத்தில் நின்றிருப்பாள். பட்டத்தின் அளவைப் பார்த்திருப்பாள். எங்கே விரிக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்பதை அவளே சொல்லியிருப்பாள்.

ஈஸ்டருக்கு இல்வா தன் அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தது. போகும் முன் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னாள். "தனியாப் போகக் கூடாது. மக கூட இருக்கணும். கூடன்னா கரையில இல்ல, பக்கத்துல. காத்து லேசா இருந்தாத்தான். காத்து உங்களைத் தள்ளிட்டுப் போற பக்கத்துல கரை நெருங்கி வந்துட்டா, நிறுத்திட்டு காத்துக்கு எதிரா நடந்து திரும்பி வந்துருங்க. தரைப்பனி ஓட ஆரம்பிச்சா உடனே இறக்கணும். இன்னொரு ஓட்டம்னு பேச்சே கூடாது."

"தரைப்பனியைப் பத்தி எனக்கே சொல்றியா?"

"உங்களுக்குத்தான் சொல்றேன்."

காற்று வலுக்கும்போது தளர்ந்த பனி தரையோடு தரையாகப் புகை மாதிரி நகரத் தொடங்கும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் சாலையை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வோம். எங்கள் பிரிவில் அதை முதலில் கண்டுபிடிக்கும் கண் ஹால்வருடையது.

ஈஸ்டர் சனிக்கிழமை நல்ல வெயில். அஸ்த்ரி வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கிரீன்லாந்தைப் பற்றி அப்பாவிடம் அவளே கடைசியில் சொல்லிவிட்டாள். அவர் "போயிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அவள் நம்ப முடியாமல் அம்மாவைப் பார்த்தாளாம். அவள் கிளம்ப இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அவளுடைய சாமான்கள் எல்லாம் ஏற்கெனவே கப்பலில் போய்விட்டன.

காலையில் ஹால்வர், "காப்பியை எடுத்துக்கிட்டு அம்மாவும் நீயும் மெதுவா ஏரிக்கு வாங்க, எனக்கு ஒரு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். பெண்கள் இருவரும் மலைச்சறுக்குக் கட்டையில் வந்து, வடக்குக் கரையில் கலைமான் தோலை விரித்து உட்கார்ந்தார்கள். ஆரஞ்சு, சாக்லேட், பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டி. அப்போதுதான் ஏரியின் மேற்குப் பக்கத்தில் நீலப் பட்டம் ஒன்று எழும்பியது.

"யாரோ புதுசு" என்றாள் அஸ்த்ரி. "நிக்கிற நிலையைப் பாரும்மா, கரடி மாதிரி." பிறகு அவள் கையிலிருந்த ஆரஞ்சு அப்படியே நின்றது. "அம்மா. அது அப்பாவோட தொப்பி."

பிர்கித் சிரித்துக்கொண்டே காப்பியை ஊற்றினார்.

அஸ்த்ரி எழுந்து நின்று கத்தினாள். கைகளை ஆட்டினாள். அழுதாள் என்று பிர்கித் சொல்கிறார். ஹால்வர் அவர்களுக்கு எதிரே வந்து, திரும்பி, மறுபடியும் போய், மறுபடியும் வந்தார். தப்பில்லாமல் ஓட்டினார். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அவள் கத்துவது அவருக்குக் கேட்டது.

"அப்பா! யாருப்பா நீ? எங்க அப்பாவை என்ன பண்ணே?"

அவர் அந்த வாரம் வாங்கியிருந்த பட்டம் இல்வாவினுடையதைவிடப் பெரியது. அதை இல்வாவிடம் காட்டவில்லை. புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரையும் போல, ஒவ்வொரு ஓட்டத்திலும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று தள்ளும் பக்கம் நழுவிக்கொண்டிருந்தார். கிழக்குக் கரையின் பாறைகள் நெருங்கியிருந்தன. நிறுத்திவிட்டுக் காற்றுக்கு எதிராக நடந்து திரும்ப வேண்டிய நேரம். மேற்கே மலைவிளிம்பில் வெளிச்சம் மங்கியது. அவர் காலடியில் பனி புகை மாதிரி நகர்ந்தது.

அதே நேரத்தில் அஸ்த்ரி கட்டைகளை மாட்டிக்கொண்டு கரையிலிருந்து ஏரிக்குள் இறங்கி வந்து போனைத் தூக்கிப் பிடித்து, "இன்னொரு தடவை வா! படம் எடுக்கிறேன்!" என்று கூவினாள். அவள் நின்ற இடத்தில் தரைப்பனி இன்னும் ஓடவில்லை.

அவர் இன்னொரு தடவை போனார்.

காற்று பின்னாலிருந்து ஒரு அடி அடித்தது. அவர் கோலை நெஞ்சோடு இழுத்தார். பட்டம் அவரைத் தரையிலிருந்து தூக்கிப் ஆள் உயரத்திலிருந்து கீழே போட்டது. சறுக்குக் கட்டை ஒன்று கழன்றது. பிறகு அப்படியே வயிறு பனியில் தேய இழுத்துக்கொண்டு போனது. கனத்த உடம்பு என்பதால் இழுப்பு விட்டுவிட்டு வந்தது. கொஞ்சம் நிற்கும், மறுபடி இழுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் பாறைகள் பக்கத்தில் வந்தன. அவருடைய இரண்டு கைகளும் கோலில்தான் இருந்தன.

"விடு! அப்பா, விடு! சிவப்பு! சிவப்பு!"

அந்தக் குரல் அவருக்குத் தெளிவாகக் கேட்டதாம். சிவப்பு எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்ததாம். கை மட்டும் போகவில்லை.

அஸ்த்ரி போனை எறிந்துவிட்டுக் குறுக்கே பாய்ந்து வந்தாள். அவர் ஒரு கணம் நின்ற இடத்தில் அவர் மேல் விழுந்து, கையை உள்ளே நுழைத்துச் சிவப்புப் பிடியைத் தள்ளினாள். அது கழன்றது. ஆனால் அவிழ்ந்தோடிய கயிறு ஒன்று அவளுடைய சறுக்குக் கட்டையின் நுனியைச் சுற்றிக்கொண்டது. மலையேறும் கட்டைகள் காலிலிருந்து தானாகக் கழலாத வகை. பட்டம் சுருண்டு விழும் முன் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்தது. கட்டை ஒரு பக்கம் திரும்பியது, அவள் கால் அதோடு திரும்பியது, அந்த இழுப்பில் புரண்ட ஹால்வரின் முழு எடையும் அவள் தொடை மேல் விழுந்தது.



அவருக்குக் கன்னத்தில் ஒரு சிராய்ப்பு. அவளுக்கு முழங்கால் தசைநார் கிழிந்து, அதற்குக் கீழே எலும்பும் உடைந்திருந்தது. ஹெலிகாப்டர் வரும்வரை கலைமான் தோலை அவளுக்குப் போர்த்தி, ஹால்வர் பனியில் மண்டியிட்டு அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "உனக்கு அடி படலையே?" என்று கேட்டாள். அவர் இல்லையென்று தலையாட்டினார். "அழாதே" என்றாள். "உறைஞ்சுரும்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் எலும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அஸ்த்ரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மே மாசம்?" டாக்டர், அவள் என்ன கேட்கிறாள் என்று புரியாமல், மே மாதத்தில் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கலாம் என்று உற்சாகமாகச் சொன்னார். அவள் நன்றி சொன்னாள். ஹால்வர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ட்ரோம்ஸோ வீடு மூன்றாவது மாடி. படியேற முடியாது என்பதால் அவள் பெற்றோர் வீட்டிலேயே தங்கினாள். மற்ற மூன்று பேரும் அவளில்லாமல் போனார்கள். அவளும் போகச் சொன்னாள், அவர்கள் தயங்கியபோது அதட்டியே சொன்னாள். தினமும் காலையில் சாப்பாட்டு மேசையில் போனில் வரைபடத்தைத் திறந்து, அவர்களின் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். நல்ல காற்று கிடைத்த நாளில், "இன்னைக்கு எவ்வளவு தூரம் போயிட்டாளுங்க பாரு" என்று அம்மாவுக்குக் காட்டுவாள். ஹால்வர் காப்பிக் கோப்பையோடு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அந்த நாட்களில் அவர் வேலைக்கு மிகச் சீக்கிரம் வந்துகொண்டிருந்தார்.

ஆனால் இன்னொன்றும் இருந்தது. அதை அவர் எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னார், சாலைக் கம்பத்தருகே கார்கள் சேருவதற்காக நாங்கள் காத்திருந்தபோது. பதினெட்டு வயதுக்குப் பிறகு அவள் வீட்டில் இவ்வளவு நாள் இருந்ததில்லை. மாலையில் அவர் வரும்போது விளக்கு எரிந்தது. சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் காலைத் தலையணையில் நீட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு, "வந்துட்டாரு வேர் விட்டவர்" என்பாள்.

"எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுப்பா" என்றார் ஹால்வர். "அவ காலை ஒடிச்சு வீட்ல உக்கார வச்சுட்டு, எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. என்ன மனுஷன் நான்?"

நான் வரிசையில் நின்ற கார்களை எண்ணப் போனேன்.

அவள் அவரைத் திட்டவில்லை. பிர்கித் கொஞ்சம் திட்டினார், அதுகூடப் பெரிய பட்டத்தைப் பற்றித்தான். இல்வா வீட்டுக்கு வந்து, கூடவே நிற்காமல் தான் ஊருக்குப் போனதற்காக வருத்தப்பட்டாள். அஸ்த்ரி அவளிடம், "நீ சொல்லிக்குடுத்தது சரியாத்தான் இருந்துச்சு. அந்த முதல் ஓட்டங்களைப் பார்த்தேனே, கை எவ்வளவு லேசா இருந்துச்சு" என்றாள். பக்கத்து அறையில் ஹால்வர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசல் படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஏரியில் பனி கறுத்து உடையத் தொடங்கியிருந்தது. பிர்கித் உள்ளே வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்ததால் அவர் காதிலும் விழுந்தது.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அன்னைக்குத் தரைப்பனி ஓட ஆரம்பிச்சது உனக்குத் தெரியலைல? நான் நின்ன இடத்துல தெரியல. நீ பட்டத்தையே பார்த்துக்கிட்டு இருந்திருப்ப."

அவள் அவருக்கு வழி விட்டுக் கேட்டாள் என்கிறார் பிர்கித். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பார்த்தேன்" என்றார் ஹால்வர்.

"பார்த்தியா?"

"ஓடறதுக்கு முன்னாடியே வெளிச்சம் மாறினதைப் பார்த்தேன். அப்புறம் காலடியில ஓடினதையும் பார்த்தேன்."

"பார்த்துட்டுமா போன?"

"நீ கூப்பிட்ட. இத்தனை வருஷம் கூப்பிட்டு நான் வரல. அன்னைக்கு நீ கூப்பிட்டப்ப…" 

அஸ்த்ரி ஊன்றுகோலை எட்டி எடுத்தாள். எழுந்து உள்ளே போனாள். பிர்கித் வாஃபிளைத் தட்டில் வைத்தார். அவள் சாப்பிட்டாள். அன்று மாலையே, ஜூன் மாதம் ட்ரோம்ஸோவுக்குத் திரும்ப டிக்கெட் பார்த்தாள்.

அவருடைய பதில் சரியா தவறா என்று நானும் பிர்கித்தும் பேசிக்கொண்டதுண்டு. பொய் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். பிர்கித் அப்படி நினைக்கவில்லை. "அவ கேட்டுட்டா. கேட்டவகிட்ட எப்படிப் பொய் சொல்றது? அவங்களுக்குள்ள சொல்லாம வச்சதெல்லாம் போதும்" என்பார்.

முழங்கால் சரியாகிவிட்டது. ஏணி ஏறுகிறாள், வேலைக்குப் போகிறாள். நீண்ட தூரம் பாரம் இழுத்தால் மட்டும் வீங்கும். அடுத்த வருடம் போகலாம் என்று நால்வரும் பேசியிருந்தார்கள். அதற்குள் ஒருத்தி கர்ப்பமானாள், ஒருத்தி கனடாவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். மூன்று பேர் ஏற்கெனவே கடந்துவிட்ட ஒன்றை நான்காவது ஆளுக்காக மறுபடி கடப்பது என்பது பேச்சாகவே நின்றுபோயிற்று.

ஹால்வர் நீலப் பட்டத்தை விற்கவில்லை, யாருக்கும் தரவுமில்லை. இந்த பிப்ரவரியில் இல்வாவிடம் போனார். கோலை விடுவதற்கு மட்டும் மறுபடியும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவளும் சொல்லிக்கொடுத்தாள். நிஜமாக இழுக்கும்போது அவர் கை இப்போது திறக்கிறது. எதிர்பாராத நேரத்தில் அவள் பட்டத்தை ஆட்டிவிட்டுப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும் திறக்கிறது. "அவருக்கு வந்துருச்சு" என்று இல்வா என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

அஸ்த்ரி முன்பைவிட அதிகமாகப் போன் செய்கிறாள். அப்பாவிடம் தனியாகவே பேசுகிறாள். மலையில் காற்று எப்படி, சாலை மூடியிருக்கிறதா, லாரிக்குப் புதுச் சங்கிலி வந்துவிட்டதா என்று கேட்பாள். இந்த ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கிரீன்லாந்துப் பேச்சை ஒரே ஒரு தடவை அவர்தான் எடுத்தாராம்.

"இன்னும் போகலாமே. வயசு இருக்கே உனக்கு."

"போகலாம்தான்" என்றாளாம் அவள். உடனே பேச்சை மாற்றி, "மலையில இப்ப பனி பெய்யுதா, அப்பா?" என்று கேட்டாள்.

பெய்கிறது என்றார் அவர். மேற்கிலிருந்து எவ்வளவு காற்று, எந்த வளைவில் எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.